லாட்டரி மார்ட்டினின் 1,368 கோடி: போன இடம் தெரியும், வந்த இடம்?

பத்துபஸ்தியில் உங்களுக்கு ஓட்டு இருந்தால், இந்த இரண்டு தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள்.

2019 ஏப்ரல் 11. அந்தமான் நிக்கோபாரின் ஒரே மக்களவைத் தொகுதிக்கு வாக்குப்பதிவு நடந்த நாள். 2019 ஏப்ரல் 12. தேர்தல் பத்திரங்களை யார் வாங்கினார்கள் என்று பாரத ஸ்டேட் வங்கி பின்னாளில் கொடுத்த பட்டியல் இந்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது. உச்ச நீதிமன்றம் தன் இடைக்கால உத்தரவைப் பிறப்பித்தது அன்றைக்குத்தான் என்பதால் வந்த கணக்கு இது. அதற்கு முன் விற்ற சுமார் 4,000 கோடி ரூபாய் பத்திரங்களை வாங்கியவர்களின் பெயர்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

அதாவது, 2019-ல் நீங்கள் விரலில் மை வைத்துக்கொண்ட நாள் வரை கட்சிகளுக்குப் பத்திரமாகப் போன பணத்துக்கு வங்கிப் பட்டியலில் முகமே கிடையாது.

2024-ல் நிலைமை வேறு. பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தது. மார்ச் 14-ல் வாங்கியவர்கள் பட்டியல் வந்தது. மார்ச் 21-ல் பத்திர எண்களும் வந்தன. எந்த நிறுவனம் எந்தக் கட்சிக்குக் கொடுத்தது என்று அப்போதுதான் பொருத்திப் பார்க்க முடிந்தது. ஏப்ரல் 19-ல் தமிழ்நாடும் அந்தமானும் ஒரே நாளில் வாக்களித்தன. யார் பணம் யாருக்குப் போனது என்று தெரிந்துகொள்ள வாக்காளருக்குக் கிடைத்த அவகாசம் வெறும் 29 நாள்.

அந்தப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தவர் நமக்குத் தெரிந்தவர்தான்.

யார் இந்த மார்ட்டின்?

சாண்டியாகோ மார்ட்டின். ‘லாட்டரி மார்ட்டின்’ என்று சொன்னால் கோவையில் எல்லோருக்கும் தெரியும். இவருடைய ஃபியூச்சர் கேமிங் அண்ட் ஹோட்டல் சர்வீசஸ் நிறுவனம் வாங்கிய தேர்தல் பத்திரங்களின் மதிப்பு 1,368 கோடி ரூபாய். இரண்டாம் இடத்தில் இருந்த மேகா இன்ஜினியரிங் 966 கோடிக்கு வாங்கியிருந்தது.

ஒரு சின்ன ஒப்பீடு. அந்தமானில் ஒரு மக்களவை வேட்பாளர் சட்டப்படி செலவு செய்யக்கூடிய உச்சவரம்பு 75 லட்சம். 1,368 கோடியை அதால் வகுத்துப் பாருங்கள். 1,824 வேட்பாளர்களின் முழுச் செலவு வருகிறது. நாட்டில் மொத்த மக்களவைத் தொகுதிகளே 543தான். இன்னொரு விஷயம்: வரம்பு வேட்பாளருக்கு மட்டும்தான், கட்சி செய்யும் செலவுக்கு வரம்பே இல்லை.

பணம் யாருக்குப் போனது?

திரிணமூல் காங்கிரஸுக்கு சுமார் 542 கோடி. திமுகவுக்கு 503 கோடி. ஒய்எஸ்ஆர் காங்கிரஸுக்கு 154 கோடி. பாஜகவுக்கு 100 கோடி. காங்கிரஸுக்கு 50 கோடி. சிக்கிமின் மாநிலக் கட்சிகளுக்கும் கொஞ்சம்.

“எல்லாக் கட்சிக்கும்தானே கொடுத்திருக்கார், அப்புறம் என்ன?” என்று கேட்கலாம். தொகையை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஒவ்வொரு கட்சியின் மொத்தப் பத்திர வரவில் இது எத்தனை பங்கு என்று பாருங்கள்.

பாஜக இந்தக் காலத்தில் பத்திரங்கள் மூலம் பெற்றது சுமார் 6,060 கோடி. எல்லாக் கட்சிகளையும்விட மிக அதிகம். அதில் மார்ட்டின் நிறுவனத்தின் பங்கு இரண்டு சதவீதம்கூட இல்லை. திரிணமூல் பெற்ற சுமார் 1,610 கோடியில் மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரே நிறுவனத்துடையது. திமுக பெற்றது 639 கோடி. அதில் ஐந்தில் நான்கு பங்கு, கிட்டத்தட்ட 79 சதவீதம், ஒரே கம்பெனியிலிருந்து வந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003 முதல் தடை. அந்தத் தடை திமுக ஆட்சியிலும் நீக்கப்படவில்லை. எனவே “பணம் வாங்கினார்கள், சலுகை கொடுத்தார்கள்” என்று நேர்க்கோடு போட்டுவிட முடியாது. ஆனால் ஒரு கட்சியின் பத்திர வரவில் இவ்வளவு பெரிய பங்கு ஒரே பையிலிருந்து வந்தால், அந்தப் பையின் சொந்தக்காரர் போன் செய்யும்போது கட்சி எப்படிக் கேட்கும் என்ற கேள்வி நியாயமானது. அந்தக் கேள்வியைக் கேட்கவே வாக்காளருக்கு 2024 மார்ச் வரை வழியில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொடுத்தவர்களிடம் விவரம் கேட்டு வாங்கி, மார்ட்டின் நிறுவனத்தின் பெயரைத் தேர்தல் ஆணையத்திடம் தானே தெரிவித்த சில கட்சிகளில் திமுகவும் ஒன்று. திரிணமூலோ, பத்திரங்கள் அலுவலகப் பெட்டியில் போடப்பட்டன, ஆட்கள் மூலம் வந்தன என்ற பாணியில் பதில் சொன்னது.

சரி, பணம் எங்கிருந்து வந்தது?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. 2019-20 முதல் 2022-23 வரை நான்கு ஆண்டுகளில் இந்த நிறுவனம் காட்டிய நிகர லாபம் சுமார் 215 கோடி என்று செய்திகள் வந்தன. கொடுத்ததோ அதைப்போல ஆறு மடங்குக்கு மேல்.

அதெப்படி முடியும்? லாட்டரியில் புரளும் தொகை ரொம்பப் பெரியது, லாப விகிதம் சிறியது. தவிர, நன்கொடையே கணக்கில் செலவாகப் போயிருந்தால் லாபம் குறைந்துதான் தெரியும். அந்தச் சலுகையையும் கொடுத்தே ஒரு தோராயக் கணக்கு போடலாம். 215 கோடியோடு 1,368 கோடியையும் லாபமாகச் சேர்த்தால் ஆண்டுக்குச் சராசரி சுமார் 396 கோடி. பழைய சட்டப்படி, ஒரு நிறுவனம் முந்தைய மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம்தான் கட்சிகளுக்குக் கொடுக்கலாம். அப்படிப் பார்த்தால் ஆண்டுக்கு சுமார் 30 கோடி, நான்கு ஆண்டுக்கு 120 கோடி. அவ்வளவுதான்.

இந்த 7.5 சதவீத வரம்பை 2017 நிதிச் சட்டம் எடுத்துவிட்டது. நஷ்டத்தில் ஓடும் கம்பெனிகூட எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றானது. யாருக்குக் கொடுத்தோம் என்று கணக்கில் காட்ட வேண்டிய கட்டாயமும் போனது. பத்திரத்தின் ரகசியத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசினோம். இந்த வரம்பு போனதுதான் அதற்கு இணையான பெரிய ஓட்டை. உச்ச நீதிமன்றம் 2024-ல் இந்தத் திருத்தத்தையும் சேர்த்தே ரத்து செய்தது.

அமலாக்கத்துறை எங்கே வருகிறது?

சிக்கிம் லாட்டரி தொடர்பான வழக்கில், 2009 ஏப்ரல் முதல் 2010 ஆகஸ்ட் வரை பரிசு விழுந்த சீட்டுகளின் கணக்கை ஊதிக் காட்டி, சிக்கிம் அரசுக்கு சுமார் 910 கோடி இழப்பு ஏற்படுத்தியதாக அமலாக்கத்துறை சொல்கிறது. இது குற்றச்சாட்டு, தீர்ப்பு அல்ல.

2022 ஏப்ரல் 2-ல் இந்தக் குழுமத்தின் சுமார் 409 கோடி சொத்து முடக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. ஏப்ரல் 7-ல் நிறுவனம் 100 கோடிக்குத் தேர்தல் பத்திரம் வாங்கியது. இடையில் ஐந்து நாள். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. 2023-லும் 2024-லும் சொத்து முடக்கமும் சோதனைகளும் தொடர்ந்தன. “கொடுத்தார், தப்பித்தார்” என்ற கதை இங்கே பொருந்தவில்லை. பத்திரங்கள் பற்றிச் சிறப்புப் புலனாய்வுக் குழு விசாரிக்க வேண்டும் என்ற மனுக்களையும் 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஆக, போன பாதி வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. வந்த பாதியில், அதாவது சீட்டு வாங்கிய ஆட்டோக்காரர், கூலித் தொழிலாளி கையிலிருந்து கிளம்பிய காசு எந்தக் கணக்குகள் வழியாக அரசியல் நிதியானது என்பதில், இன்னும் இருட்டுதான்.

பத்திரம் போச்சு, பிரச்சினை போச்சா?

இல்லை. பணம் இப்போது தேர்தல் அறக்கட்டளைகள் வழியாக வருகிறது. 2024-25-ல் இவை கட்சிகளுக்குக் கொடுத்தது சுமார் 3,811 கோடி. அதில் பாஜகவுக்குப் போனது சுமார் 3,112 கோடி, அதாவது 82 சதவீதம்.

பத்திரத்தைவிட இது மேல். அறக்கட்டளைக்கு யார் கொடுத்தார்கள், அது எந்தக் கட்சிக்குக் கொடுத்தது என்ற இரண்டு பட்டியலும் கிடைக்கும். ஆனால் பல கம்பெனிகள் ஒரே குடத்தில் ஊற்றி, அந்தக் குடத்திலிருந்து பல கட்சிகளுக்கு மொண்டு கொடுத்தால், எந்தக் கம்பெனியின் தண்ணீர் எந்தக் கட்சிக்குப் போனது? அது தெரியாது. தவிர, 20,000 ரூபாய் வரையிலான நன்கொடைகளுக்குக் கட்சிகள் பெயர் வெளியிடத் தேவையே இல்லை.

பெயர் தெரிந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2024 அமெரிக்கத் தேர்தலில் டிரம்பை ஆதரித்து எலான் மஸ்க் செலவழித்தது 25 கோடி டாலருக்கும் மேல். அது அங்கே பொதுப் பதிவில் இருக்கிறது. ஆனால் ஒரே ஆள் அவ்வளவு கொடுப்பதை அந்தப் பதிவு தடுக்கவில்லை. பெயரும் வேண்டும், வரம்பும் வேண்டும்.

நீங்கள் என்ன பார்க்கலாம்?

ஒவ்வொரு கட்சியும் ஆண்டுதோறும் கொடுக்கும் நன்கொடை அறிக்கை தேர்தல் ஆணைய இணையதளத்தில் கிடைக்கிறது. உங்களுக்குப் பிடித்த கட்சியின் அறிக்கையை முதலில் திறங்கள். பிடிக்காத கட்சியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றே கேள்விகள் போதும். அதிகம் கொடுத்த முதல் ஐந்து பேர் யார்? மொத்தத்தில் அவர்கள் பங்கு எத்தனை சதவீதம்? அந்த நிறுவனங்களின் லாபம் எவ்வளவு? முதல் இரண்டுக்கும் பதில் அந்த அறிக்கையிலேயே இருக்கும். மூன்றாவதுக்கு நிறுவனங்களின் ஆண்டுக் கணக்கைத் தேட வேண்டும். கட்டணம் கட்டினால் யாருக்கும் அது கிடைக்கும். லாபத்துக்கும் நன்கொடைக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு பெயரைப் பார்த்தீர்களா? அடுத்த முறை உங்கள் பகுதியில் ஓட்டு கேட்டு வருபவரிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.