நீல வீடும் சிவப்பு வீடும்

மெக்சிகோ நகரத்தின் தென்பகுதியில் கொயோவகான் என்றொரு பழைய பேட்டை இருக்கிறது. கல் பாவிய தெருக்கள், நீரூற்று, கையில் சூடான சுர்ரோ. ஒரே நாளில் சுற்றிவிடலாம் என்கின்றன வழிகாட்டிப் புத்தகங்கள். சுற்றலாம்தான். யாருடைய கதையைக் கேட்டபடி சுற்றுகிறோம் என்பதுதான் கேள்வி.

கூட்டமெல்லாம் லண்டன் தெருவின் நீல வீட்டுக்கு முன்னால். ஃப்ரீடா காலோ வாழ்ந்து, 1954இல் இறந்த வீடு. உள்ளே, அவர் முதுகை நிமிர்த்திப் பிடித்த பிளாஸ்டர் கவசங்கள். ஒன்றில் அரிவாள் சுத்தியலை அவரே வரைந்திருக்கிறார். வெளியே வந்தால் பை, கோப்பை, காதணி எல்லாவற்றிலும் அவருடைய கூட்டுப் புருவமும் தலைப் பூவும். 1935இல் அவர் வரைந்த ‘சில சின்னக் குத்துகள்’ ஓவியம் பைகளில் வருவதில்லை. காதலியைக் குத்திக் கொன்றவன் நீதிபதியிடம் அப்படித்தான் சொன்னான் என்ற பத்திரிகைச் செய்தியிலிருந்து பிறந்தது அது. கட்டிலில் பெண்ணின் பிணம், அருகே தொப்பியோடு நிற்கும் ஆண், சட்டகத்தின் மேலும் தெறித்த ரத்தம். பூ விற்கும், ரத்தம் விற்காது.

இகேரா தெருவில் நடந்தால் லா கொன்சீதா தேவாலயத்தின் அருகே ஒரு சிவப்பு வீடு. மலின்ட்ஸின் வாழ்ந்த வீடு என்பார்கள். இங்கே வரிசை இல்லை. சிறுவயதிலேயே அடிமையாகக் கைமாறியவர். 1519இல் தபாஸ்கோவில் ஸ்பானியருக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்ட இருபது பெண்களில் ஒருவர். மொழிகள் தெரிந்ததால் கோர்த்தெஸின் மொழிபெயர்ப்பாளர் ஆனார், பிள்ளையும் பெற்றார். 1524இல் அவன் அவரைத் தன் ஆட்களில் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டான். அவர் பெயரிலிருந்து வந்த ‘மலின்சிஸ்தா’, அந்நியனிடம் மயங்கியவர்களைத் திட்டும் சொல்லாக இன்றும் புழங்குகிறது.

எதற்குத் துரோகம்? மெக்சிகோ என்ற நாடே அப்போது இல்லை. அவரை விற்றவர்களுக்கு அவர் எந்த விசுவாசத்தைக் கடன்பட்டிருந்தார்? ஆயிரக்கணக்கான த்லாஸ்கால ஆண்கள் கோர்த்தெஸோடு சேர்ந்து வாளெடுத்தார்கள். அன்றாடப் பேச்சில் வசையாக நிலைத்தது என்னவோ ஒரு பெண்ணின் பெயர்தான். 1982இல் கோர்த்தெஸ், மலின்ட்ஸின், மகன் மூவரையும் குடும்பமாக வடித்து இதே பேட்டையில் சிலை வைத்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் ஒதுக்குப்புறப் பூங்காவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அடிமையை இல்லத்தரசியாகக் காட்டிய அந்தப் பொய்யும் சிலையோடு பத்திரமாக இடம் மாறியது.

மூன்றாவதாக ஒருத்தி இருக்கிறார். கத்தலீனா சுவாரெஸ், கோர்த்தெஸின் முதல் மனைவி. 1522இல் கியூபாவிலிருந்து வந்து சேர்ந்த சில மாதங்களில், ஒரு விருந்து முடிந்த இரவில், கொயோவகானில் கணவன் வீட்டுப் படுக்கையறையில் இறந்துகிடந்தார். கழுத்தில் கன்றிய தடங்களையும் அறுந்து சிதறிய மணிகளையும் கண்டதாக 1529 விசாரணையில் பணிப்பெண்கள் சாட்சி சொன்னார்கள். தாய் வழக்குத் தொடுத்தார். தண்டனை இல்லை. அவனுக்குப் பட்டமும் நிலமும் கிடைத்தன. பேட்டையின் நடுச் சதுக்கத்தில், அவன் இறந்து வெகுகாலம் கழித்து எழுந்த கட்டடத்துக்குக்கூட அவன் பெயர்தான் வழங்குகிறது. கத்தலீனாவைப் பற்றிப் பேசினால் பேய்க்கதையாகப் பேசுகிறார்கள்.

சுற்றுலா போன இடத்தில் இதெல்லாம் எதற்கு என்பார்கள். காசு கொடுத்துக் கதை கேட்கப் போகிறவர்கள் நாம். முழுக் கதையைக் கேட்போம். ‘இதுதான் கோர்த்தெஸ் மாளிகை’ என்று வழிகாட்டி கைகாட்டும்போது, கத்தலீனா எப்படிச் செத்தார் என்று யாராவது ஒருத்தி உரக்கக் கேட்கட்டும்.