வெறுத்த உத்தியோகமும் இல்லாளின் சொல்லும்

சென்ற மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து ஜமாஅத்தார் கலைந்து சென்ற பின்னரும், ஒரு சகோதரர் மட்டும் பள்ளிவாசல் முற்றத்தில் எனக்காகக் காத்திருந்தார். வளைகுடா நாடொன்றில் 17 ஆண்டுகளாகக் கணக்கர் உத்தியோகம் பார்ப்பவர். 2 மாத விடுப்பில் ஊர் வந்திருந்தார். நல்ல சம்பளம், மார்க்கம் அனுமதித்த வேலை. ஆயினும் அந்த வேலை தமக்கு வேம்பாய்க் கசந்துவிட்டது என்றார். அதை உதறிவிட்டு ஊரிலேயே ஒரு சிறு கடை வைத்துப் பிழைக்க விரும்புகிறார். அவருடைய மனைவியோ அதற்கு ஒருபோதும் இசையவில்லை.

“ஹஜ்ரத், ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ் அல்லவா? இதைச் சொன்னால் என் வீட்டார் கேட்பதாயில்லை. கணவன் சொல்லுக்கு மனைவி கட்டுப்பட வேண்டும் என்று தாங்கள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும்” என்றார்.

நான் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுத்திருந்தால் அவருடைய கேள்விக்கு அது விடையாகியிருக்காது. கணவன் மனைவிக்கு இடையே ஒரு பூட்டாகியிருக்கும். இதே கேள்வி இன்று எத்தனையோ இல்லங்களில் வாய்விட்டும் வாய்விடாமலும் எழுந்துகொண்டிருக்கிறது. ஆகவே அதைப் பொதுவில் வைத்துச் சிந்திப்போம்.

அன்பு வாசகரே! வெறுப்பு என்பது ஒரே சொல்தான். ஆனால் அது மூன்று இடங்களிலிருந்து பிறக்கிறது. எங்கிருந்து பிறந்தது என்று காணாமல் தீர்ப்புச் சொல்வது, நாடி பாராமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

முதலாவது, வேலையே விலக்கப்பட்டதாயிருத்தல். வட்டிக் கணக்கு எழுதுவதும், மது விற்பதும், பொய்க் கணக்குக்குக் கையொப்பமிடுவதும் இவ்வகையின. இங்கே எழும் வெறுப்பு ஈமானின் அடையாளம். இதை விடுவதற்கு எவருடைய சம்மதமும் நிபந்தனையன்று. படைத்தவனுக்கு மாறு செய்து படைப்பினத்தைத் திருப்திப்படுத்த எவருக்கும் அனுமதி இல்லை. எனினும், வேறு வழியே இல்லாமல் குடும்பம் பசியில் விழும் நிலையிலிருப்பவர், தாம் செய்வது தவறென உணர்ந்து, மெய்யான முயற்சியோடு வேறு வேலை தேடி, கிடைத்தவுடன் விலகிக்கொள்ள வேண்டும் என்று உலமாக்கள் பலர் வழிகாட்டியுள்ளார்கள். தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு பத்தாண்டு உட்கார்ந்திருப்பது தேடல் ஆகாது.

இரண்டாவது, வேலை ஹலாலானது. ஆனால் அதைச் செய்கிறவனுக்கு அங்கே தீங்கு நேர்கிறது. தொழுகைக்கு நேரம் தரப்படுவதில்லை, மேலதிகாரி நாள்தோறும் இழிவுபடுத்துகிறார், உடல்நலம் குன்றுகிறது, உறக்கம் கெடுகிறது. உடலும் உயிரும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்கள். அவற்றை அழித்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

மூன்றாவது, வேலையிலும் குறையில்லை, தீங்கும் இல்லை, நப்ஸு சலித்துவிட்டது. ஒரே நாற்காலி, ஒரே பேரேடு, ஒரே முகங்கள். இச்சலிப்பு குற்றமன்று, மனித இயல்புதான். ஆனால் இதற்கு மார்க்கக் கடமையின் போர்வையைப் போர்த்துவது முறையன்று.

இனி, கணவனின் பொறுப்பைப் பார்ப்போம். மனைவி மக்களுக்கு உணவும் உடையும் உறைவிடமும் அளிப்பது கணவன் மீது விதிக்கப்பட்ட கடமை. வசதியுள்ளவர் தம் வசதிக்கேற்பவும், நெருக்கடியில் உள்ளவர் அல்லாஹ் தமக்கு அளித்ததிலிருந்தும் செலவிட வேண்டும் என்பது திருமறையின் 65ஆவது அத்தியாயமாகிய ‘தலாக்’ அத்தியாயம் தரும் விதி. இதிலிருந்து இரண்டு உண்மைகள் தெளிவாகின்றன. வருமானம் குறைவது பாவமன்று. நேற்றைய சம்பளத்தை என்றென்றைக்கும் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று மனைவி உரிமை கொண்டாட முடியாது. அதே வேளையில், இருக்கும் வழியைத் தானே அடைத்துவிட்டு, மனைவி மக்களை வெறுங்கையோடு நிறுத்தவும் கணவனுக்கு அனுமதியில்லை. தன் பராமரிப்பில் உள்ளவர்களைக் கைவிடுவது ஒன்றே ஒரு மனிதனைப் பாவியாக்கப் போதுமானது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள்.

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு (கி.பி. 632) இறுதி ஹஜ்ஜின்போது, மக்காவில் நோயுற்றிருந்த ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள், தம் செல்வத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தர்மம் செய்ய அனுமதி கேட்டார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் இசையவில்லை. பாதியையும் ஏற்கவில்லை. மூன்றில் ஒரு பங்கை மட்டும் அனுமதித்து, அதுவே அதிகம் என்றார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடுவதினும் தன்னிறைவோடு விட்டுச் செல்வதே மேல் என்றும் உணர்த்தினார்கள். தர்மம் எத்துணை உயர்ந்த நன்மை! குடும்பத்தை முன்னிட்டு அதற்கே எல்லை வகுக்கப்பட்டதென்றால், நம் மனச்சலிப்பைத் தீர்த்துக்கொள்ள எல்லையே இல்லையா?

ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ் என்பதில் ஐயம் இல்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்பதும் நபிவழியே. மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், தம் அன்ஸாரிச் சகோதரர் பாதிச் செல்வத்தையே தர முன்வந்தபோதும், சந்தைக்கு வழி கேட்டார்கள். பாலாடைக் கட்டியிலும் நெய்யிலும் தொடங்கியது அவர்களுடைய வாணிபம். அவர்களுடைய தவக்குல் சந்தையில் நின்று உழைத்தது.

நல்ல பதவியை உதறியவர்களுக்கு உதாரணம் கேட்டால், எல்லோரும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களையே சொல்வார்கள். ஹிஜ்ரி 484 (கி.பி. 1091) முதல் பக்தாது நிஜாமிய்யா மத்ரஸாவின் தலைமை ஆசிரியர், முந்நூறு மாணவர்கள் சூழ்ந்த சபை, அரசவையில் மரியாதை. அத்தனையையும் ஹிஜ்ரி 488இல் (கி.பி. 1095) விட்டு வெளியேறினார்கள். இது நாம் அறிந்த கதை. ஆனால் ‘அல்முன்கித் மினள் ளலால்’ என்னும் தம் நூலில் அவர்களே எழுதிவைத்திருக்கும் மூன்று செய்திகளை நாம் கவனிப்பதில்லை.

ஒன்று, அவர்கள் ஒரே நாளில் முடிவெடுக்கவில்லை. போவதா இருப்பதா என்று ஏறத்தாழ ஆறு மாதம் ஊசலாடினார்கள்; நா எழவில்லை, உணவு இறங்கவில்லை, மருத்துவர்களும் கைவிட்டார்கள். அதன் பிறகே புறப்பட்டார்கள். இரண்டு, செல்வத்தைப் பங்கிட்டுக் கொடுத்தபோது, தம் பிள்ளைகளின் பிழைப்புக்கு வேண்டியதை எடுத்து வைத்தார்கள். மூன்று, பின்னாளில் பிள்ளைகளின் அழைப்பே அவர்களை ஊருக்குத் திருப்பி இழுத்தது. முடிவில், ஹிஜ்ரி 499இல் (கி.பி. 1106) நைஸாப்பூரில் மீண்டும் பாடம் நடத்த அமர்ந்தார்கள். முன்பு புகழுக்காகச் செய்த பணி, இப்போது வேறு நிய்யத்தோடு நடந்தது. வேலை மாறவேண்டிய இடமும் உண்டு; நிய்யத்து மாறவேண்டிய இடமும் உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் எங்கே இருக்கிறது?

இனி, இல்லாளின் சொல். பால்குடி மறக்கச் செய்வது போன்ற ஒரு காரியத்தையும் தாயும் தந்தையும் மனமொத்து, கலந்து பேசிச் செய்ய வேண்டும் என ‘பகரா’ அத்தியாயத்தின் 233ஆவது வசனம் கற்பிக்கிறது. அப்படியிருக்க, குடும்பத்தின் அடுப்பையே இடம் மாற்றும் காரியத்தில் மஷூரா வேண்டாமா? ஹிஜ்ரி 6இல் (கி.பி. 628) ஹுதைபிய்யாவில் தோழர்கள் மனமுடைந்து குர்பானி கொடுக்கத் தயங்கி நின்றபோது, வழி சொன்னவர்கள் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள். வஹீ இறங்கும் இல்லத்திலேயே மனைவியின் ஆலோசனை ஏற்கப்பட்டது.

இதை எழுதும் நான் குற்றமற்றவன் அல்லன். முப்பது வயதில், ஒரு பள்ளிவாசலின் இமாமத்தை, நிர்வாகத்தார் ஒருவர் சொன்ன கடுஞ்சொல்லுக்காக, அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் துறந்துவிட்டு வீடு சேர்ந்தேன். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த நான்கு மாதம் எங்கள் அடுப்பு எரிந்தது அவர் விற்ற இரண்டு வளையல்களால். மஹரும் நகையும் மனைவியின் சொந்த உடைமை. கணவன் அவற்றின் மீது கை வைக்க முடியாது என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவன் நான்! என் மானம் காக்கப்பட்டது உண்மை. அதற்கு விலை கொடுத்தவர் நான் அல்லர்.

சகோதரிகளே, உங்களிடமும் ஒரு சொல். நீங்கள் மறுப்பது தேவைக்காகவா, ஊர் மெச்சுவதற்காகவா என்று உங்கள் உள்ளத்தையே கேளுங்கள். பிள்ளைகளின் படிப்பும், அடைக்க வேண்டிய கடனும் தேவை. பக்கத்து வீட்டு மாடிக்குச் சமமாய் நம் மாடி எழும்ப வேண்டும் என்பது தேவையன்று. கலீஃபா உமர் (ரலி) அவர்கள், மனைவி கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் விசாரித்து, போர்வீரர்கள் ஊரைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு வரையறை செய்தார்கள். அது மாதங்களின் கணக்கு. நம் வீடுகளிலோ ஆண்டுகளின் கணக்கு! ஹிரா குகையிலிருந்து நடுங்கி வந்த நாயகம் (ஸல்) அவர்களை அன்னை கதீஜா (ரலி) அவர்கள் முதலில் போர்த்தினார்கள், தேற்றினார்கள். உங்கள் கணவர் நடுங்குகிறார் என்றால், சம்பளத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் போர்த்துங்கள்.

ஆகவே, இந்நிலையில் இருப்பவர்கள் செய்யத்தக்கது இது. கோபம் தணியும்வரை ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். கணவனும் மனைவியும் ஒன்றாய் அமர்ந்து, வரவு, செலவு, கடன், சேமிப்பு அனைத்தையும் காகிதத்தில் எழுதுங்கள். கடனை முதலில் அடையுங்கள். ஓராண்டுச் செலவுக்கு வழி செய்யுங்கள். புதிய பிழைப்பை எண்ணத்தில் வைக்காமல் கணக்கில் வையுங்கள். ஒரு தவணை குறியுங்கள். அது வந்தபின் தள்ளிப்போடாதீர்கள். இருவரும் இரண்டு ரக்அத் தொழுது இஸ்திகாரா செய்யுங்கள். கனவுக்காகக் காத்திராமல், நன்மை எதுவோ அதை எளிதாக்கும்படி அவனிடம் கேளுங்கள்.

அந்தச் சகோதரரிடம் நான் ஒன்று மட்டும் கேட்டேன்: “வேலை ஏன் கசக்கிறது என்று வீட்டாரிடம் சொன்னீர்களா?” அவர் தலை கவிழ்ந்தார். மேலதிகாரியின் ஏச்சையும், உறக்கமற்ற இரவுகளையும் 17 ஆண்டில் ஒருநாளும் சொன்னதில்லையாம். சலித்துவிட்டது என்ற ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மையார் மறுத்ததும் அந்தச் சொல்லைத்தான். அதன் பின்னால் இருந்த துயரத்தை அவர் அறியவே இல்லை.

விடுப்பு முடியுமுன் வந்து சொல்லிவிட்டுப் போனார். இன்னும் 11 மாதம் என்று தவணை குறித்திருக்கிறார்கள். மாடி கட்டும் வேலையை நிறுத்தச் சொன்னவர் அவருடைய மனைவிதானாம்.

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, அதில் பரக்கத்தையும், நம் இல்லங்களில் ஒருவர் துயரை ஒருவர் அறியும் அன்பையும் நல்கியருள்வானாக! ஆமீன்.