விடைத்தாளில் உள்ளதே விடையா?

சென்ற மாதம் ஒரு புள்ளியில் தோற்றோம். தோல்வி எங்களுக்குப் புதிதன்று. ஆனால் சரியான விடையைச் சொன்னதற்காகத் தோற்றது இதுவே முதல்முறை என்பதால் இதை எழுதவேண்டியிருக்கிறது.

வட இங்கிலாந்தின் சிறு நகரொன்றில், செவ்வாய் இரவுகளில் நடக்கும் பப் வினாடி வினா லீக்கில் நாங்கள் நால்வர் ஓர் அணியாக ஆடிவருகிறோம். லீக் என்றதும் அரங்கையும் ஒளிவிளக்கையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு பப்பின் பின்கட்டு அறை, இரண்டு மேசைகள், மேசைக்கு நால்வர், நடுவில் கேள்விகளைப் படிக்க ஒருவர், அவ்வளவுதான். கேள்வி ஒவ்வொருவருக்கும் முறைவைத்து வரும். தனியே விடை சொன்னால் இரண்டு புள்ளி. அணியினரைக் கலந்து சொன்னால் ஒன்று. தவறினால் கேள்வி எதிரணிக்குப் போகும். அவர்கள் சொன்னால் அவர்களுக்கு ஒரு புள்ளி. ஆட்டம் முடிந்ததும் பப்காரர் ரொட்டியும் வறுத்த உருளைக்கிழங்கும் கொண்டுவந்து வைப்பார். மழைக்கால இரவுகளில் அதற்காகவே வருகிறவர்களும் உண்டு.

இந்த வழக்கத்துக்கு ஒரு வணிகக் காரணமும் இருக்கிறது. 1970-களில் பர்ன்ஸ் அண்ட் போர்ட்டர் என்ற நிறுவனம் பப்களுக்குக் கேள்விகளைத் தயாரித்து விற்கத் தொடங்கியது. கூட்டம் வராத இரவுகளில் நாற்காலிகளை நிரப்ப அது நல்ல உபாயமாக இருந்தது. எங்கள் லீக்கில் அப்படி வாங்குவதில்லை. அணிகளே முறைவைத்து வினாத்தாள் தயாரிக்கின்றன. ஒரே தாள் அன்றிரவு எல்லாப் பப்களிலும் படிக்கப்படும். பிணக்கு வந்தால், தாளில் எழுதியிருப்பதே விடை. லீக்கின் விதி அது.

எங்கள் நண்பருக்கு வந்த கேள்வி இது: ஷேக்ஸ்பியரின் மறைவுக்கும் செர்வாண்டஸின் மறைவுக்கும் இடையே எத்தனை நாட்கள்? நண்பர் தயங்காமல் "பத்து" என்றார். படிப்பவர் தலையசைத்து மறுத்தார். எதிரணி "இடைவெளியே இல்லை, ஒரே நாள்" என்றது. தாளிலும் அப்படியே இருந்தது: 1616, ஏப்ரல் 23.

இலக்கியம் படிப்பவர்களுக்கு இதன் பின்னணி தெரிந்திருக்கும். ஸ்பெயின் 1582-இலேயே கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை. ஆகவே இங்கிலாந்தில் ஏப்ரல் 23 என்று எழுதப்பட்ட நாள், மாட்ரிடில் மே 3. தேதி ஒன்று, நாள் வேறு. யுனெஸ்கோ 1995-இல் ஏப்ரல் 23-ஐ உலகப் புத்தக நாளாக அறிவித்தபோது சொன்ன காரணங்களில் இந்தத் தேதிப் பொருத்தமும் ஒன்று. தாளைத் தயாரித்தவர் தேதியை நாள் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்.

நேர்மையாகச் சொல்வதானால் எங்கள் நண்பரின் விடையும் முழுச்சரி என்று சாதிக்க முடியாது. செர்வாண்டஸ் இறந்தது ஏப்ரல் 22, அடக்கம் செய்யப்பட்டதே 23 என்பது இன்றைய ஆய்வாளர் பலரின் கருத்து. அப்படியானால் இடைவெளி பதினொன்று. பத்தா பதினொன்றா என்று ரொட்டியைக் கடித்துக்கொண்டே நாங்கள் எட்டுப்பேரும் அரைமணி நேரம் பேசினோம். எதிரணித் தலைவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். "நீங்கள் சொல்வதுதான் சரி, ஆனால் புள்ளி எங்களுக்குத்தான்" என்றார் சிரித்துக்கொண்டே. அந்த அரைமணி நேரம் ஆட்டத்தைவிட நன்றாக இருந்தது என்பதையும் பதிவு செய்துவிடுகிறோம்.

விதிக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். ஒவ்வொரு விடைக்கும் வாதாட அனுமதித்தால் நள்ளிரவு வரை ஆட்டம் முடியாது. கேள்வியைப் படிப்பவர் பெரும்பாலும் யாரோ ஒரு தன்னார்வலர். அவரை நீதிபதியாக்குவது கொடுமை. இதைவிட வலுவான காரணம், ஒரே தாள் பல பப்களில் படிக்கப்படுவது. ஓரிடத்தில் திருத்தி மற்றோரிடத்தில் திருத்தாமல் விட்டால் லீக் அட்டவணையே கோணலாகும். எங்களிடம் குரல் உயர்த்திப் பேசும் நால்வர் இருப்பதற்காக எங்களுக்குப் புள்ளி தருவது நியாயமாகாது.

ஆனாலும் இந்த விதி ஆடுபவரை என்ன செய்கிறது என்று பார்க்கவேண்டும். அவர் இரண்டு விடைகளைச் சுமக்கிறார். உண்மை எது என்பது ஒன்று. தாளை எழுதியவர் எதை உண்மை என்று நம்பியிருப்பார் என்பது மற்றொன்று. இரண்டும் மோதும்போது அனுபவசாலி இரண்டாவதைத்தான் சொல்வார். அரைகுறையாகத் தெரிந்தவருக்கு இந்தச் சிக்கலே இல்லை. கூடுதலாகப் படித்தவரே மாட்டிக்கொள்கிறார்.

எங்கள் கைகளும் சுத்தமில்லை. முன்பொருமுறை, குவிஸ் என்ற சொல் எந்த நகரில் பிறந்தது என்று கேட்கப்பட்டது. டப்ளின் நாடகக் கொட்டகை நிர்வாகி ரிச்சர்ட் டேலி, ஒரே நாளில் ஒரு புதுச்சொல்லை ஊர் முழுக்கப் பேசவைப்பதாகப் பந்தயம் கட்டி, சுவர்தோறும் அதை எழுதவைத்தார் என்று ஒரு கதை உண்டு. 1791 என்று ஆண்டும் சொல்வார்கள். ஆனால் அச்சொல் 1782-இலேயே, ஃபேன்னி பர்னியின் நாட்குறிப்பில், விசித்திரமான ஆள் என்ற பொருளில் வந்துவிட்டது. கதை பொய் என்று தெரிந்தே எங்களில் ஒருவர் "டப்ளின்" என்றார். இரண்டு புள்ளி கிடைத்தது. யாரும் கைதட்டவில்லை, யாரும் கண்டிக்கவும் இல்லை. வீடு திரும்பும் வழியில் அவர் மட்டும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

தாளில் தவறு எப்படி வந்து சேர்கிறது என்பதற்கு அமெரிக்கக் கதை ஒன்று உண்டு. ஃபிரெட் வொர்த் என்பவர் 1974-இல் துணுக்குச் செய்திகளுக்கென ஒரு கலைக்களஞ்சியம் வெளியிட்டார். தன் நூலைத் திருடுபவரைப் பிடிக்க அதில் ஒரு பொய்யைப் புதைத்துவைத்தார்: தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் முதற்பெயர் ஃபிலிப் என்று. சில ஆண்டுகளில் டிரிவியல் பர்சூட் அட்டையொன்றில் அதே ஃபிலிப் வந்து உட்கார்ந்திருந்தார். வொர்த் 1984-இல் முப்பது கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அவரது நூலைப் பயன்படுத்தியதை ஆட்டத் தயாரிப்பாளர்கள் ஒப்புக்கொண்டார்கள்; ஆனாலும் தகவலுக்குக் காப்புரிமை கிடையாது என்று வழக்கு தள்ளுபடியானது. புனைந்த பொய்கூடத் தகவல் வரிசையில் நின்று தப்பித்துவிட்டது வேடிக்கைதான். அந்த அட்டையை நம்பி எத்தனை மேசைகளில் எத்தனை பேர் புள்ளி இழந்தார்களோ.

எல்லாத் தவறும் சோம்பலால் வருவதில்லை, சில கேள்விகள் பழையதாகிவிடுகின்றன. கஜகஸ்தானின் தலைநகர் 1997 வரை அல்மாட்டி. பிறகு அக்மோலா. 1998-இல் அதன் பெயர் அஸ்தானா ஆயிற்று, 2019-இல் நூர்சுல்தான், 2022-இல் மறுபடியும் அஸ்தானா. அலமாரியிலிருந்து பழைய தாளை எடுத்துத் தூசி தட்டுபவருக்கு இது பொறி. வேறு சில, சொற்களின் அலட்சியத்தால் கெடுகின்றன. இந்தியாவின் முதல் நோபல் பரிசாளர் யார் என்றால் 1913-இன் தாகூர் என்று நம் ஊர்ப் பிள்ளைகள் தூக்கத்திலும் சொல்வார்கள். இந்தியாவில் பிறந்தவர்களில் முதல்வர் யார் என்று கேட்டால் விடை வேறு: 1902-இல் மருத்துவத்துக்கான பரிசு பெற்ற ரொனால்டு ராஸ், அல்மோராவில் பிறந்தவர். 1907-இல் இலக்கியப் பரிசு பெற்ற கிப்ளிங் பிறந்ததும் பம்பாயில்தான். ஒரு சொல் மாறினால் மூன்று பெயர்கள் இடம் மாறுகின்றன. கவிதையில் ஒரு சொல்லுக்காக மாதக்கணக்கில் சண்டையிடும் நாம், வினாத்தாளின் சொற்களை மட்டும் ஏன் இவ்வளவு இளக்காரமாக நினைக்கிறோம்?

துணுக்கறிவை இலக்கியவாதிகள் மதிப்பதில்லை. 'டான் குவிக்சாட்'டைப் படிக்காமல் அதன் ஆசிரியர் இறந்த தேதியை மட்டும் வைத்திருப்பவனிடம் என்ன இருக்கிறது என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அன்றிரவு அந்தத் தேதிதான் எட்டுப்பேரை இரண்டு நாட்காட்டிகளுக்குள் இழுத்துச் சென்றது. எதிரணியில் ஒருவர் மறுவாரம் அந்த நாவலை நூலகத்தில் எடுத்திருப்பதாகச் சொன்னார். முடிப்பாரா என்பது வேறு விஷயம். நாங்களே நால்வரில் இருவர்தான் முடித்திருக்கிறோம்.

லீக்கின் ஆண்டுக் கூட்டத்தில் நாங்கள் வைக்கப்போகும் கோரிக்கை சிறியது. ஆட்டத்தின்போது தாளே இறுதி. அதில் கைவைக்க வேண்டாம். ஆனால் தாள் அச்சாவதற்கு முன், தயாரிக்காத அணியிலிருந்து இருவர் ஒரு மாலை உட்கார்ந்து அதைப் படித்துப் பார்க்கட்டும். ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் அது எந்த நூலிலிருந்து வந்தது என்று எழுதியிருக்கட்டும். சில லீக்குகளில் இப்படிச் சரிபார்ப்பது வழக்கம்தான். ஆட்டத்துக்குப் பிறகு தவறு என்று நிறுவப்பட்ட விடைகளைச் செயலாளர் அடுத்த வாரச் சுற்றறிக்கையில் ஒரு வரியில் ஒப்புக்கொள்ளட்டும். இழந்த புள்ளியைத் திருப்பித் தரவேண்டாம். நாங்கள் கேட்பது அந்த ஒரு வரியைத்தான்.

அடுத்த மாதம் தாள் தயாரிக்கும் முறை எங்களுடையது. சனிக்கோளுக்கு எத்தனை நிலவுகள் என்ற கேள்வியை எழுதி, பிறகு அடித்துவிட்டோம். 2025-இல் ஒரே அறிவிப்பில் 128 நிலவுகள் சேர்ந்து எண்ணிக்கை 274 ஆயிற்று. செவ்வாய்க்கிழமைக்குள் இன்னும் எத்தனை வருமோ. டப்ளின் கேள்வி தாளில் இருக்கிறது, வேறு சொற்களில். அதை எழுதியவர் அன்று இரண்டு புள்ளி வாங்கிய நண்பர்.