கையெழுத்தும் கைநாட்டும்

சென்ற ஆண்டு நம் சங்கத் தேர்தலில் வேட்பு மனுக்களைப் பரிசீலிக்கும் குழுவில் என்னையும் ஒருவனாகப் போட்டார்கள். பௌதிகம் படிப்பவன், அளந்து பார்த்துப் பேசுபவன் என்று யாரோ சிபாரிசு செய்திருக்க வேண்டும். அந்தச் சிபாரிசுக்கு நான் எவ்வளவு தகுதியற்றவன் என்பதை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

முதலாண்டு மாணவர் ஒருவர் செயலாளர் பதவிக்கு மனுப் போட்டிருந்தார். அவரை வழிமொழிந்தவரின் கையெழுத்தை உறுப்பினர் பதிவேட்டோடு ஒப்பிட்டேன். பதிவேட்டில் ஆங்கிலத்தில் முழுப் பெயர். மனுவிலோ தமிழில் இரண்டே எழுத்து, ஒரு சுழிப்பு. "இது அவர் கையெழுத்து அன்று" என்றேன். மற்ற இருவரும் தலையசைத்தார்கள். மனு தள்ளுபடியாயிற்று; எதிரே நின்றவர் போட்டியின்றிச் செயலாளரானார்.

நான்கு நாள் கழித்து மெஸ்ஸில், சாம்பார் வாளிக்கு முன்னால், அந்த வழிமொழிந்த நண்பர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன்யா, என் கையெழுத்து என்னுது இல்லேன்னு நீ எப்படிச் சொன்னே? பாங்கிலே தமிழில் போட்டால் குமாஸ்தா காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கிறான். நம்ம சங்கத்துக் காகிதத்திலாவது தமிழில் போடலாம்னு போட்டேன். அதுக்கு இந்தத் தண்டனையா?" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றிரவு அறைக்குப் போய் என் பெயரையே பத்துத் தடவை எழுதிப் பார்த்தேன். உட்கார்ந்து, நின்று, முழங்காலில் வைத்து, சுவரில் வைத்து. முதலாவதும் ஏழாவதும் இரண்டு பேர் போட்டவை என்று நானே சத்தியம் செய்வேன். ஒரே ஒரு தடவை எடுத்த அளவை எங்கள் ஆய்வுக்கூடத்தில் யாரும் அளவென்று ஒப்புவதில்லை. பல முறை அளந்து, ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்று கண்ட பிறகே, இதுவும் அதுவும் வேறு என்று சொல்லத் துணியலாம். நானோ ஒரே மாதிரியை வைத்துக்கொண்டு ஒருவர் போட்டியிடும் உரிமையையே தள்ளிவிட்டேன்.

நாட்டுத் தேர்தல்களிலாவது இதற்கு ஒழுங்கான வழி இருக்கும் என்று நினைத்துச் சட்டத்தைப் புரட்டினேன். வேட்பாளரோ முன்மொழிபவரோ இட்ட கையெழுத்து உண்மையானதன்று என்றால் மனுவைத் தள்ளலாம் என்கிறது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 36-வது பிரிவு. நல்லது; எதனோடு ஒப்பிடுவது? வாக்காளர் பட்டியலில் பெயர் உண்டு, வயது உண்டு, வீட்டு எண் உண்டு, கையெழுத்து இல்லை. நம் சங்கத்தில் ஒரு பதிவேடாவது இருந்தது! ஆகவே சச்சரவு வந்தால், முன்மொழிந்தவர் வாயால் சொல்வதே பெரும்பாலும் சான்றாகி விடுகிறது. என்னுடையது என்றால் மனு வாழும். என்னுடையதன்று என்றால் மாளும்.

அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு முன்மொழிபவர் ஒருவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். இந்தப் பத்து வந்த கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 1996-இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். வாக்குச் சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. டிபாசிட் ஏறியது, பத்து முன்மொழிவோர் என்ற விதியும் வந்தது. விளையாட்டு வேட்பாளர்களைத் தடுக்க இது நியாயமான வேலியே. ஆனால் பத்துக் கால் நட்ட பந்தலில் ஒரு காலைப் பிடுங்கினாலும் பந்தல் விழும் என்றால், அது எப்படிப்பட்ட பந்தல்?

2017 டிசம்பரில் சென்னை இராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலில் நடந்தது அதுதான். நடிகர் விஷால் சுயேச்சையாக மனுச் செய்தார். பத்துப் பேரில் இருவர், தாம் கையெழுத்திடவில்லை என்று மறுத்தனர். அவர்கள் மிரட்டப்பட்டார்கள் என்றார் விஷால். ஒரு கட்டத்தில் மனு ஏற்கப்பட்டதாகச் செய்தி வந்தது, இரவுக்குள் தள்ளப்பட்டது. 2024 ஏப்ரலில் சூரத் நாடாளுமன்றத் தொகுதியிலும் இதே கதை. காங்கிரஸ் வேட்பாளரை முன்மொழிந்தவர்கள், கையெழுத்து எங்களுடையதன்று என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தார்கள். அவர்களை நேரில் கொண்டுவர வேட்பாளரால் இயலவில்லை. 21-ஆம் தேதி மனு தள்ளப்பட்டது; மாற்று வேட்பாளரின் மனுவும் போயிற்று. மறுநாள் மற்றவர்கள் விலகிக்கொள்ள, பாரதிய ஜனதா வேட்பாளர் போட்டியின்றி வென்றதாக அறிவிக்கப்பட்டார். ஒரு பெருநகரத்து மக்கள் ஒரு வாக்கும் போடாமலே அவர்களுக்கு உறுப்பினர் கிடைத்துவிட்டார்.

இவற்றில் யார் சொன்னது மெய் என்று தீர்ப்புக் கூற நான் வரவில்லை. ஒரு முறை தீர்ப்புக் கூறிய அனுபவம் போதும். மெய்யைக் கண்டுபிடிக்க வழியே இல்லாதபடி விதி அமைந்திருப்பதுதான் என் குறை. உடனே நீதிமன்றம் போகவும் முடியாது. நாமக்கல் தொகுதியில் மனுத் தள்ளப்பட்ட என். பி. பொன்னுசாமி வழக்குத் தொடுத்தார். தேர்தல் முடிந்த பிறகு தேர்தல் மனுவாகத்தான் கேட்கலாம் என்று உச்சநீதிமன்றம் 1952-இலேயே சொல்லிவிட்டது.

அமெரிக்காவில் வேறு வழி. அங்கே வாக்காளர் பதிவுக் கோப்பில் உள்ள கையெழுத்தோடு ஒப்பிடுகிறார்கள். 2022-இல் மிச்சிகன் மாநில ஆளுநர் பதவிக்கு நிற்க 15,000 கையெழுத்துகள் தேவைப்பட்டன. கூலிக்குக் கையெழுத்துச் சேகரித்தவர்கள் போலியாக எழுதித் தள்ளியது வெளிப்பட்டு, குடியரசுக் கட்சியினர் ஐவர் வாய்ப்பை இழந்தனர். ஒரே கை பல பெயர்களை எழுதினால் அது தாள் தாளாகக் கண்ணில் படும். பதினைந்தாயிரத்தில் இருவர் மறுத்தால் குடி முழுகாது. பத்தில் இருவர் மறுத்தால் நமக்கு எல்லாம் முடிந்தது.

எனக்கு வியப்பாக இருந்தது இன்னொன்று. ஊரில் என் அப்பத்தா கைநாட்டு. ரேஷன் கடையில் மைப்பெட்டியை நீட்டுகிறவன் முகத்தைப் பாராமல் பெருவிரலைக் கொடுப்பாள். அவள் ஒரு வேட்பாளரை முன்மொழிந்தால் என்ன ஆகும் தெரியுமா? 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின்படி, எழுதத் தெரியாதவர் அதிகாரியின் முன்னிலையில்தான் அடையாளம் இட வேண்டும். அதிகாரி ஆளை அறிந்து சான்றளிக்க வேண்டும். பிறகு அவளாலேயே அதை எளிதில் மறுக்க முடியாது. எம்.எஸ்ஸி. படிக்கும் நான் டீக்கடைப் பலகையில் வைத்து எழுதிக் கொடுத்தால், அதற்குச் சாட்சி தேவையில்லை. எழுத்தறியாதவளின் ரேகையைச் சட்டம் காப்பாற்றுகிறது. எழுத்தறிந்தவனின் கையெழுத்தைக் காற்றில் விடுகிறது!

ஆகவே என் யோசனை எளியது. அப்பத்தாவுக்குள்ள விதியை எனக்கும் வையுங்கள். மனுச் செய்யும் நாட்களுக்குள், முன்மொழிபவர் ஒவ்வொருவரும் தாசில்தார் முன்னிலையிலோ, அதற்கென அதிகாரம் பெற்ற வேறோர் அலுவலர் முன்னிலையிலோ அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்திடட்டும். அதன் பின் எந்தப் பிரமாணப் பத்திரம் வந்தாலும், இட்டது இட்டதாகவே இருக்கட்டும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதே. உள்ளாட்சித் தேர்தலில் ஒரு வார்டு என்பது நாலு தெரு. அலுவலகத்துக்கு நடந்து போகிறவனை ஊரே பார்க்கும். எங்கள் மதுரைப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில், தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட 1996 முதல் பத்து ஆண்டுகள், மனுவே வராமலும், வென்றவர்கள் உடனே விலகியும் போன வரலாறு யாவரும் அறிந்ததே. 2006-இல்தான் நிலைமை மாறியது. அத்தகைய ஊரில் ஒருவனை அதிகாரி முன் வந்து நில் என்பது எளிதன்று. கையெழுத்துக்கு முன்னால் வரும் அச்சத்தை என் யோசனை போக்காது. ஆனால் பின்னால் வரும் மிரட்டலுக்குப் பயனில்லாமல் செய்துவிடும். மிரட்டி மறுக்க வைத்தாலும் மனு விழாது என்றால் எவன் மெனக்கெட்டு மிரட்டுவான்?

நாட்டுச் சட்டத்தைத் திருத்த என்னால் ஆகாது. நம் சங்கத்து விதியைத் திருத்தலாம். முன்மொழிபவரும் வழிமொழிபவரும் பரிசீலனைக் குழுவினர் முன் நேரில் கையெழுத்திட வேண்டும், எந்த மொழியிலும் இடலாம் என்ற தீர்மானத்தை வரும் பொதுக்குழுவில் கொண்டுவருகிறேன். அதை வழிமொழிய ஒருவர் தேவை. விருப்பமுள்ளவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் என் அறைக்கு வரலாம். அடையாள அட்டையோடு வரவும்.