ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒரு வரி



பித்தப்பைக் கல் இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எடுக்கப் போகிறோம். ரிப்போர்ட்டின் அடியில் ‘கல்லீரலில் சிஸ்ட்’ என்று ஒரு வரி. அன்றிரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. உங்கள் கடிதங்களில் இந்தக் கவலையை அடிக்கடி படிக்கிறேன்.

முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். கல்லீரலில் தென்படும் சிஸ்ட்களில், அதாவது நீர்க்கட்டிகளில், மிகப் பெரும்பாலானவை சாதுவானவை. மெல்லிய சுவர், உள்ளே தெளிந்த நீர், அவ்வளவுதான். தொந்தரவு தராதவரை மருந்தும் வேண்டாம், கத்தியும் வேண்டாம்.

அபூர்வமாக வருகிற ஒரு கட்டியைப் பற்றித்தான் இன்று சொல்ல வேண்டும். முன்பு ‘பிலியரி சிஸ்டடினோமா’ என்றார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2010 வகைப்பாட்டில் ‘மியூசினஸ் சிஸ்டிக் நியோபிளாசம்’ ஆனது. பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்களுக்கு, அதிகமும் கல்லீரலின் இடப்பக்கத்தில் வருகிறது. அறுத்தெடுத்த கட்டியின் சுவரை நுண்ணோக்கியில் வைத்தால், சினைப்பையில் இருப்பதைப் போன்ற திசு அடர்த்தியாகத் தெரியும். கல்லீரலுக்குள் சினைப்பைத் திசுவா என்று நானும் வியந்தேன். நோயை உறுதிசெய்யும் அடையாளமே அதுதான்.

அறுத்தெடுப்பதற்கு முன்னால் அதைக் கண்டறிய டாக்டர்கள் படும் பாடு பெரிது. கட்டிக்குள் குறுக்குச் சுவர்கள் இருந்தால் சந்தேகம் எழும், அவற்றை சி.டி.யைவிட அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் தெளிவாகக் காட்டும். ஆனால் நாய், ஆடுகள் வழியாகப் பரவும் நாடாப்புழுவின் ஹைடாடிட் கட்டியிலும் உள்ளே தடுப்புகள் தெரியும். சாதாரண நீர்க்கட்டிக்குள் ரத்தம் கசிந்து உறைந்தாலும் சதைத் திரள் போலத் தோன்றும். ‘சி.ஏ. 19-9’ என்ற ரத்தப் பரிசோதனை எண் சாதாரணக் கட்டியிலும் கூடலாம். அதை மட்டும் பார்த்துக் கலங்க வேண்டாம்.

ஊசி போட்டு நீரை எடுத்தால் தெரிந்துவிடாதா? பல நேரங்களில் அந்த நீரில் கட்டியின் செல்களே சிக்குவதில்லை. ஹைடாடிட்டாக இருந்து நீர் வயிற்றுக்குள் கசிந்தால், உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம். மியூசினஸ் கட்டியை உறிஞ்சினாலும், மேல்சுவரை மட்டும் வெட்டினாலும் திரும்ப வளரும். சிலருக்குப் புற்றாகவும் மாறும். முழுவதுமாக அகற்றுவதே வழி.

பழைய ஸ்கேன் ஃபிலிம்களைத் தூக்கிப் போடாதீர்கள். முன்பிருந்த கட்டி எப்படி மாறியிருக்கிறது என்பதை அவைதாம் சொல்லும். நீர் எடுத்த பிறகும் கட்டி மறுபடி நிறைந்திருந்தால், அந்த ஃபிலிம்களோடு ஒரு கல்லீரல் அறுவை சிகிச்சை நிபுணரைப் போய்ப் பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்