மாடத்துத் துளசியும் மார்கழிச் சளியும்

மார்கழி பிறந்ததும் விடியற்பொழுதில் நீராடித் திருக்கோயிலை நாடிச் செல்வது அடியார்களின் நெடுநாள் வழக்கம். எழுபது வயதைக் கடந்தவர்களும் அந்த நியமத்தைக் கைவிட விரும்புவதில்லை. ஆனால் அதே மாதத்தில்தான் மூக்கடைப்பும் இருமலும் வீட்டுக்கு வீடு குடிபுகுகின்றன. இளையோரை ஒரு வாரத்தில் விட்டு நீங்கும் சளி, முதியோரிடம் பிடிவாதமாகத் தங்கிவிடுகிறது.

பனி ஒன்றே இதற்குக் காரணம் அன்று. வைரஸ் என்னும் நுண்கிருமி, தும்மல் வழியாகவும் கைகளின் வழியாகவும் ஒருவரிடமிருந்து மற்றொருவரைத் தொற்றுவதால் ஜலதோஷம் உண்டாகிறது. ஏழு முதல் பத்து நாள்களில் பெரும்பாலும் உடலே அதை வென்றுவிடும். ஆன்டிபயாடிக் மாத்திரைகள் வைரஸை அழிப்பதில்லை. ஆதலால் அவற்றைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குவதால் பயனில்லை. மூலிகைகளும் நோயை ஒரே நாளில் வேரறுப்பன அல்ல. எனினும் தொண்டைக்கு இதமளித்து, கட்டிய சளியை இளக்கி, இரவில் உறக்கம் வர அவை துணை செய்கின்றன. முதுமையில் அந்தத் துணை சிறியதன்று.

செடி வளர்ப்பது நம் மரபில் தொண்டாகவே போற்றப்பட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனம் அமைத்து வடபத்ரசாயிப் பெருமாளுக்கு மாலை கட்டிச் சாத்தி வந்தார். அந்த நந்தவனத்துத் துளசியின் அருகிலேயே ஆண்டாள் கண்டெடுக்கப்பட்டாள் என்பது வைணவர் போற்றும் வரலாறு. அத்தகைய நந்தவனம் அமைக்க இன்று இடமில்லாதவர்களும் வெயில் படும் திண்ணையிலோ மாடியிலோ நான்கு செடிகளைப் பேணலாம்.

முதலாவது துளசி. பூஜைக்குரிய மாடத்துத் துளசியை அப்படியே விட்டு, மருந்துக்கென வேறொரு தொட்டியில் தனியே வளர்ப்பது நன்று. முற்றி உலர்ந்த கதிரை உதிர்த்து விதையை மேலாகத் தூவி, மெல்லிய மண் போர்வை இட்டால் போதும். நல்ல வெயில் வேண்டும், நீர் தேங்கலாகாது. கதிர்களை அவ்வப்போது கிள்ளிவிட்டால் இலைகள் செழிக்கும்.

இரண்டாவது, ஓமவல்லி என்றும் வழங்கும் கற்பூரவள்ளி. நான்கு விரல் நீளத் தண்டை ஒடித்து நட்டாலே வேர் பிடிக்கும். மண் காய்ந்த பின்னரே நீர் ஊற்ற வேண்டும். மிகுநீர் தண்டை அழுகச் செய்யும்.

மூன்றாவது தூதுவளை. கொடியாகப் படர்வதால் கொம்பு நட்டுத் தர வேண்டும். முள் நிறைந்தது, ஆதலால் பேரக்குழந்தைகள் ஓடியாடும் வழியில் வைக்கலாகாது. இலையின் முள்ளை நீக்கித் துவையலாகவும் ரசமாகவும் உண்பது வழக்கம்.

நான்காவது ஆடாதோடை. ஆடு தொடாத இலை என்பதால் வேலிக்கு ஏற்றது. கொல்லையில் சிறிது இடம் இருப்போர் தண்டு நட்டு வளர்க்கலாம். இதிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடியாகக் கொண்டே, சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்னும் ஆங்கில மருந்து உருவாயிற்று. வீரியமுள்ள இம்மூலிகையைச் சித்த மருத்துவர் சொல்லும் அளவிலேயே உட்கொள்ள வேண்டும். கருவுற்ற பெண்களுக்கு இதனைத் தரவே கூடாது.

அன்றாடக் கஷாயத்துக்கு ஒரு கைப்பிடித் துளசி, இரண்டு கற்பூரவள்ளி இலை, நான்கு மிளகு, சிறு துண்டு சுக்கு ஆகியவை போதும். இலைகளை நன்கு கழுவி, மற்றவற்றைத் தட்டிப் போட்டு, இரண்டு தம்ளர் நீர் ஒரு தம்ளராக வற்றியதும் வடிகட்டி இளஞ்சூட்டில் அருந்தலாம். நீரிழிவு உள்ளவர்கள் பனங்கற்கண்டும் சர்க்கரையே என்பதை மறத்தலாகாது. அதிமதுரத்தை நாள்தோறும் சேர்த்தால் இரத்த அழுத்தம் உயரக்கூடும். துளசிச் சாற்றைத் தேனில் குழைத்து நாவில் தடவும் பாட்டிமார், ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தரலாகாது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ஆவி பிடிக்கையில் கொதிநீர்ப் பாத்திரத்தை மடியிலோ ஆடும் முக்காலியிலோ வைக்காமல், உறுதியான மேசைமேல் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

இத்தனை செய்தும் நீங்காத சளிக்கும் இருமலுக்கும் வேறு காரணம் இருக்கக்கூடும். மூக்கடைப்பு நீக்கும் சொட்டு மருந்தைச் சில நாள்களுக்கு மேல் தொடர்ந்து விட்டால், அம்மருந்தே அடைப்பை வளர்க்கும். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் எனாலாபிரில், ராமிபிரில் போன்ற மாத்திரைகள் சிலருக்கு ஓயாத வறட்டு இருமலைத் தரும். அவர்கள் எத்தனை கஷாயம் குடித்தாலும் அது அடங்காது. மருத்துவரிடம் சொன்னால் அவர் மாத்திரையை மாற்றித் தருவார்; தாமாக நிறுத்துவது ஆபத்து. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகவே செய்யப்படுகிறது. மூச்சுத் திணறல், மார்பு வலி, சளியில் இரத்தம், தணியாத காய்ச்சல் ஆகியவை தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. முதியோருக்கு நிமோனியா கண்டால் காய்ச்சல் தெரியாமலே இருக்கவும் கூடும். உணவில் வெறுப்பும், திடீர்ச் சோர்வும், பேச்சில் தடுமாற்றமும் மட்டுமே அதன் அறிகுறியாகலாம். உடனிருப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

மூலிகையை நம்புவோர் சிலர், மருத்துவரிடம் செல்வதை நம்பிக்கைக் குறைவாக எண்ணுவதுண்டு. புள்ளிருக்குவேளூரில் இறைவனையே வைத்தியநாதன் என்று அழைத்து வணங்கும் மரபினருக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை.

தும்மலும் இருமலும் மிகுந்த நாள்களில் கோயிற் கூட்டத்தைத் தவிர்ப்பதும் பக்திக்குக் குறைவன்று. தீர்த்தம் பெற நெருங்கி நிற்கும் வரிசையில் தம்மைவிட முதியவர் ஒருவர் நிற்கக்கூடும். தமக்குப் பத்து நாள் துன்பமாக முடிவது அவருக்கு உயிராபத்தாகலாம். வெந்நீரில் நீராடி, கம்பளி போர்த்தி, வீட்டிலுள்ள திருவுருவத்தின் முன் திருப்பாவை ஓதினாலும் மார்கழி நோன்பு நிறைவெய்தும். துவாதசியன்று துளசி பறிப்பதில்லை என்பதால் முன்கூட்டியே பறித்து வைத்துக்கொள்ளலாம். உடல் தேறியபின், தாம் வளர்த்த செடியின் துளசியைச் சிறு மாலையாகத் தொடுத்துச் சந்நிதிக்கு எடுத்துச் செல்லலாம். அதற்காகவேனும் இந்த வாரம் ஒரு தொட்டியில் விதை தூவி வைக்கலாம்.