நோட்டீஸ் கொடுக்கும் பாம்பு

புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தபோது, பாடப் புத்தகத்தில் ஒரு பாம்புப் படம் இருந்தது. 'செர்ப்பான் ஆ சொன்னெத்' என்று பெயர். மணி கட்டிய பாம்பு என்று பொருள். தமிழில் கிலுகிலுப்பைப் பாம்பு என்போம். அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. வாலில் இருப்பவை நம் நகம் போலக் கெட்டியான வளையங்கள். சட்டை உரிக்கும்போதெல்லாம் ஒன்று கூடும். அதை எண்ணி வயது சொல்லலாம் என்பது கட்டுக்கதை. வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேலும் சட்டை உரிக்கும், பழைய வளையங்கள் உடைந்தும் விழும்.

நம்மூர் விரியன்களுக்கு மணி இல்லை. ஆனால் குரல் உண்டு. கண்ணாடி விரியன் குக்கரில் ஆவி போவது போல விடாமல் சீறும். சுருட்டை விரியன் உடம்பைச் சுருட்டிச் செதிலோடு செதிலை உரசும். அரம் ராவுகிற சத்தம் கேட்கும். 'கிட்டே வராதே' என்று அர்த்தம். ஆபீசில் நோட்டீஸ் கொடுக்காமல் நடவடிக்கை எடுக்க மாட்டோம் அல்லவா, அது மாதிரி.

நாம்தான் அந்த நோட்டீஸைப் படிப்பதில்லை. அறுபதுகளின் கடைசியில் என் சித்தப்பா மகன் முந்திரிக் கொல்லையில் சருகுக்குள் சீறல் கேட்டும், காற்று என்று நினைத்துக் கால் வைத்தான். இதை அவனே சொன்னான். முதலில் மந்திரிக்கக் கூட்டிப்போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மூன்றாம் நாள் போய்விட்டான். அவனைக் கொன்றதில் பாம்புக்குப் பாதிப் பங்கு, தாமதத்துக்குப் பாதிப் பங்கு என்பேன்.

போன மழைக்காலத்தில் எங்கள் தெருவில் ஒரு விரியன் வந்தது. உடனே நாலு பேர் தடியோடு வந்தார்கள். எல்லா உயிருக்கும் இரங்கச் சொன்ன வள்ளலார், 1867-இல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாத ஊர் இது! இரக்கம் வேண்டாம், புத்தியாவது வேண்டாமா? அடிக்கக் கிட்டே போகிறவனும் கடிபடுகிறான். தள்ளி நின்று தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால் போதும்.

கட்டுவிரியன் மட்டும் சத்தமே போடாது. ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலிகூடத் தெரியாமல் போகலாம். அதனால் கட்டிலில் கொசுவலைக்குள் படுங்கள். இருட்டில் டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள்.

கடித்துவிட்டால் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இலவசம். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்யவேண்டிய நோயாக்கிவிட்டது. மருத்துவமனைகள் ஒவ்வொரு கடியையும் பதிவு செய்து தெரிவிக்க வேண்டும். நல்ல உத்தரவு. ஆனால் மந்திரிக்கப் போகிறவன் அந்தப் பதிவேட்டில் வரமாட்டான். அவனை ஆஸ்பத்திரிக்குத் திருப்பி விடுவது வீட்டிலுள்ள பெரியவர்களான நம் வேலை.